தொலைத்தொடர்பும் இணையமும்: ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பணிகளும் அதிகார எல்லைகளும்

க.பொ.த. (சாதாரண தரம்) – குடியியற் கல்வி, தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் பயிலும் மாணவர்களுக்கு



"இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பணிகள் நான்கு தருக" என்று கேட்டால் உங்களிற் பலர் நான்கு வரி எழுதி நான்கு புள்ளிகளையும் பெற்றுவிடுவீர்கள். "இணைய உள்ளடக்கத்தை அரசு கட்டுப்படுத்துவது சனநாயகத்துடன் பொருந்துமா? ஆராய்க" என்று கேட்டவுடன் பேனா நின்றுவிடுகின்றது. இவ்வாணைக்குழு செய்யும் இரு வேறு வேலைகளை ஒன்றெனக் கருதுவதே இதற்குக் காரணம். ஒன்று, வழியை ஒழுங்குபடுத்துதல்: கம்பி, கோபுரம், மீடிறன், கட்டணம் ஆகியன. மற்றையது, அவ்வழியாற் செல்லும் செய்தியிற் கைவைத்தல். முதலாவது வேலைக்குச் சட்டத்தில் விரிவான ஏற்பாடுகள் உண்டு. இரண்டாவதற்கு மிகக் குறைவு. இந்த வேறுபாட்டை மனதில் இருத்திக்கொண்டு மேலே படியுங்கள்.

தோற்றம்

முன்னர் தொலைபேசிச் சேவையை வழங்கியதும் மேற்பார்வை செய்ததும் ஒரே அரசாங்கத் திணைக்களமே. 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புச் சட்டம் இவ்விரண்டையும் பிரித்தது. சேவை வழங்கும் பணி ஸ்ரீலங்கா ரெலிக்கொம் கூட்டுத்தாபனத்திடமும் மேற்பார்வை தொலைத்தொடர்புப் பணிப்பாளர் நாயகத்திடமும் சென்றன. 1996 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் ஆணைக்குழுவை உருவாக்கியது. அடுத்த ஆண்டிலேயே ரெலிக்கொம் நிறுவனத்தின் 35 சதவீதப் பங்குகள் யப்பானிய நிறுவனமான என்.ரி.ரி.க்கு விற்கப்பட்டன.

ஏன் பிரிக்க வேண்டும்? தனியார் நிறுவனங்கள் சந்தைக்கு வந்த பின்னர், போட்டியில் ஓடுபவரே விசிலையும் வைத்திருக்க முடியாது அல்லவா? எனினும் ரெலிக்கொம் நிறுவனத்தின் மிகப் பெரிய பங்குதாரராக அரசு தொடர்ந்தும் இருந்து வருகின்றது. அப்படியானால் விசில் முழுமையாகக் கைமாறியதா என்ற கேள்வி எஞ்சியே உள்ளது. கட்டுரை வினாவில் இதனைக் குறிப்பிடுபவருக்குப் பரீட்சகர் நிச்சயம் கவனம் கொடுப்பார்.

1996 திருத்தத்தின்படி ஆணைக்குழு ஐந்து உறுப்பினர்களைக் கொண்டதாக அமைக்கப்பட்டது. விடயத்துக்குப் பொறுப்பான அமைச்சின் செயலாளரே தவிசாளர். பணிப்பாளர் நாயகம் நிறைவேற்று அலுவலர். ஏனைய மூவரும் சட்டம், நிதி, முகாமைத்துவம் ஆகிய துறைகளில் தகைமை பெற்றவர்களுள் இருந்து அமைச்சரால் நியமிக்கப்படுவர். தவிசாளர் யார், மூவரை நியமிப்பவர் யார் என்பதை அடிக்கோடிட்டு வையுங்கள். பின்னர் தேவைப்படும்.

வழியை ஒழுங்குபடுத்துதல்

இப்பகுதி இலகுவானது. முக்கியமானதை மட்டும் பார்ப்போம்.

மீடிறன் என்பது எல்லையுள்ள வளம். அருகருகே இரண்டு கோயில்களில் ஒரே நேரத்தில் திருவிழா நடந்து இரண்டு ஒலிபெருக்கிகளும் எதிரெதிரே கட்டப்பட்டால் எந்தப் பாட்டும் விளங்காது. ஒரே மீடிறனை இருவர் பயன்படுத்தினாலும் இதுவே நடக்கும். ஆகவே நாட்டின் வானொலி மீடிறன்களை முகாமை செய்யும் ஒரேயொரு சட்டபூர்வ அமைப்பாகச் சட்டம் ஆணைக்குழுவை ஆக்கியுள்ளது. வானொலி, தொலைக்காட்சி நிலையமொன்று ஊடக அமைச்சின் அனுமதிப்பத்திரத்தைப் பெற்றாலும் மீடிறனுக்கு ஆணைக்குழுவிடமே வரவேண்டும்.

தொலைத்தொடர்பு முறைமையொன்றை இயக்குவதற்கான அனுமதிப்பத்திரத்தை 17 ஆம் பிரிவின்கீழ் வழங்குபவர் அமைச்சர். ஆணைக்குழு விதப்புரை செய்யும். "ஆணைக்குழுவே வழங்குகின்றது" என்று எழுதிப் புள்ளி இழப்பவர் பலர். 2024 இல் சட்டம் மீண்டும் திருத்தப்பட்டது. அதன் பின்னர் அதே ஆண்டில் ஸ்டார்லிங்க் செய்மதி இணைய நிறுவனத்துக்கு அனுமதிப்பத்திரம் கிடைத்து, 2025 ஜூலையில் அதன் சேவை இங்கு ஆரம்பமானது.

கட்டண மாற்றங்களுக்கும் ஆணைக்குழுவின் அங்கீகாரம் வேண்டும். பொருளாதார நெருக்கடியின்போது 2022 செப்டெம்பரில் தொலைபேசி, இணையக் கட்டணங்கள் 20 சதவீதம் உயர்ந்தது அவ்வங்கீகாரத்துடனேயே. 077, 071, 078 போன்ற எண்தொகுதிகளை ஒதுக்குதல், கையடக்கத் தொலைபேசி விற்பனையாளருக்கு அனுமதி வழங்குதல், நுகர்வோர் முறைப்பாடுகளை விசாரித்தல் என்பனவும் பணிகளே. சேவை நிறுவன ஊழியர் ஒருவர் சட்டப்படியான அதிகாரமின்றி உங்கள் செய்தியை இடைமறிப்பதோ வெளியிடுவதோ இச்சட்டத்தின்கீழ் குற்றமாகும். இதனைப் பெரும்பாலானோர் எழுதுவதில்லை.

செய்தியிற் கைவைத்தல்

இணையத்தளமொன்று எவ்வாறு தடுக்கப்படுகின்றது? ஆணைக்குழுவின் அலுவலகத்தில் அதற்கென ஓர் ஆளி இல்லை. அது சேவை நிறுவனங்களுக்கு அறிவுறுத்தல் அனுப்பும். நிறுவனங்கள் தமது வலையமைப்பில் அத்தளத்துக்கான பாதையை அடைக்கும். அனுமதிப்பத்திரத்தில் தங்கியிருக்கும் நிறுவனம் மறுப்பது அரிது. இங்கேதான் வழி மீதான அதிகாரம் செய்தி மீதான அதிகாரமாக மாறுகின்றது.

பாவனையாளர் வி.பி.என். மென்பொருளைப் பயன்படுத்தினால் தடை பெரிதும் பயனிழக்கும். ஒரு கடிதத்தை வேறொருவரின் முகவரி எழுதிய உறைக்குள் வைத்து அனுப்புவது போன்றது அது. தபாற்காரருக்கு வெளி உறை மட்டுமே தெரியும்.

இலங்கையில் இத்தடைகள் வெவ்வேறு வாயில்களால் வந்துள்ளன. 2007 ஜூனில் தமிழ்நெற் இணையத்தளம் அரசின் பணிப்பினால் தடுக்கப்பட்டது. 2009 இல் ஆபாசத் தளங்கள் சில நீதிமன்றக் கட்டளையின் பேரில் தடுக்கப்பட்டன. 2011 இல் லங்கா ஈ நியூஸ் உட்படச் சில செய்தித்தளங்கள் தடுக்கப்பட்டதோடு, செய்தித்தளங்கள் தம்மிடம் பதிவு செய்ய வேண்டுமென ஊடக அமைச்சு அறிவித்தது. 2015 ஜனவரியில் ஆட்சி மாறியதும் தடுக்கப்பட்ட தளங்கள் மீண்டும் திறந்தன. சட்டம் மாறவில்லை, ஆட்சி மாறியது. இதை இருமுறை வாசியுங்கள்.

இனி, ஒப்பிட்டு எழுதுவதற்கு மிகப் பொருத்தமான இரு சம்பவங்களைப் பார்ப்போம்.

2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தின் திகனப் பகுதியில் முஸ்லிம் மக்களுக்கு எதிரான வன்முறை வெடித்தது. அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டு, பேஸ்புக், வாட்ஸ்அப், வைபர் ஆகியன ஏறத்தாழ ஒரு வாரம் முடக்கப்பட்டன. வெறுப்புப் பதிவுகள் உண்மையிலேயே பரவின. 2020 இல் பேஸ்புக் நிறுவனமே தனது தளம் தவறாகப் பயன்படுத்தப்பட்டதற்காக மன்னிப்புக் கோரியது. எனவே "எதையும் கட்டுப்படுத்தக் கூடாது" என்று ஒரே வரியில் முடித்துவிட இயலாது. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்களின் பின்னரும் இத்தகைய தடை விதிக்கப்பட்டது. வதந்திகளைத் தடுப்பதே காரணம் எனப்பட்டது. ஆனால் வெளிநாட்டிலுள்ள பிள்ளைக்கு "நாங்கள் உயிரோடு இருக்கின்றோம்" என்று சொல்ல முயன்ற தாய்க்கும் அதே வழிதான் அடைபட்டது.

2022 ஏப்ரல் 3 ஆம் திகதி, பொருளாதார நெருக்கடிக்கு எதிராக ஆர்ப்பாட்டங்களுக்கு அழைப்பு விடுக்கப்பட்டிருந்த நாள். நாடு முழுவதும் ஊரடங்கு. அன்று அதிகாலை சமூக ஊடகங்கள் முடங்கின. பாதுகாப்பு அமைச்சின் வேண்டுகோளின் பேரிலேயே தடுத்ததாக ஆணைக்குழு கூறியது. கடும் எதிர்ப்பின் மத்தியில் அதே நாள் பிற்பகலில் தடை நீங்கியது.

அவசரகாலப் பிரகடனம் இரு சந்தர்ப்பங்களிலும் இருந்தது. ஆகவே "அவசரகாலம் என்பதால் சரி" என்ற விடை போதாது. முதலாவதில் பாதுகாக்கப்பட வேண்டியவர்கள் தாக்கப்பட்ட மக்கள். இரண்டாவதில் மக்களின் வாயே அடைபட்டது. என் கருத்தில் இரண்டாவதை நியாயப்படுத்த எந்தக் காரணமும் காணப்படவில்லை. முதலாவதிலும் ஒரு வார கால முழுத்தடை தேவைக்கு மிஞ்சியது. நீங்கள் மாறாகவும் வாதிடலாம். காரணம் காட்டினால் புள்ளி உண்டு.

அரசியலமைப்பு என்ன சொல்கின்றது?

14(1)(அ) உறுப்புரை ஒவ்வொரு பிரசைக்கும் பேச்சுச் சுதந்திரத்தையும் கருத்து வெளிப்படுத்தும் சுதந்திரத்தையும் வழங்குகின்றது. 2015 இன் 19 ஆம் திருத்தம் 14அ உறுப்புரை மூலம் தகவலைப் பெறும் உரிமையைச் சேர்த்தது. இவை வரையறையற்றவை அல்ல. தேசிய பாதுகாப்பு, இன மத ஒற்றுமை, குற்றத்திற்குத் தூண்டுதல் போன்ற காரணங்களுக்காக 15 ஆம் உறுப்புரையின்கீழ் மட்டுப்படுத்தலாம். ஆனால் அம்மட்டுப்பாடு சட்டத்தினால் விதிக்கப்பட்டதாக இருத்தல் வேண்டும். அமைச்சொன்றின் தொலைபேசி அழைப்போ கடிதமோ சட்டம் ஆகாது. தடை பற்றிய எந்த வினாவிலும் இம்மூன்றையும் கேளுங்கள்: யார் கேட்டார்? எந்தச் சட்டத்தின்கீழ்? அதை மீளாய்வு செய்பவர் யார்?

1997 இல் இலங்கை ஒலிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலத்தை எதிர்த்துப் பலர் உயர் நீதிமன்றம் சென்றனர். மீடிறன்கள் மட்டுப்பட்ட பொதுச் சொத்து என்பதால் அவற்றைப் பொது நலனுக்காக ஒழுங்குபடுத்தலாம். ஆனால் ஒழுங்குபடுத்தும் அமைப்பு அரசாங்கத்திலிருந்து சுதந்திரமானதாக இருக்க வேண்டும் என நீதிமன்றம் கருதியது. சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானது எனத் தீர்மானித்தது. இத்தீர்ப்பு ஒலிபரப்புப் பற்றியது. தொலைத்தொடர்பு ஆணைக்குழு பற்றியது அன்று. ஆயினும் நீங்கள் அடிக்கோடிட்ட வரிக்கு இப்போது திரும்பிச் செல்லுங்கள். தவிசாளர் அமைச்சின் செயலாளர். அதே அளவுகோலை இங்கே வைத்தால் என்ன விடை வரும்? போர்க்காலத்தில் வடக்கில் கையடக்கத் தொலைபேசிச் சேவை துண்டிக்கப்பட்டிருந்த நாட்கள் பற்றி வீட்டிலுள்ள பெரியவர்களிடம் கேட்டறிந்தவர்களுக்கு இக்கேள்வியின் கனம் எளிதில் புரியும்.

குழப்பிக்கொள்ள வேண்டாம்

2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வேறொரு ஆணைக்குழுவுக்கு ஏற்பாடு செய்தது. அதுவும் ஐந்து உறுப்பினர்களைக் கொண்டது. ஆனால் நியமிப்பவர் சனாதிபதி, அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரத்துடன். "தடைசெய்யப்பட்ட கூற்றுகள்" பற்றி நடவடிக்கை எடுப்பது அதன் வேலை. எது பொய், எது தடைசெய்யப்பட்டது என்பதை யார் தீர்மானிப்பது என்பதே அச்சட்டத்தின் மீதான முக்கிய விமர்சனம். உள்ளடக்கத்துக்கெனச் சட்டமே இல்லாதபோது எழுந்த கேள்வி, சட்டம் வந்த பின்னரும் வேறு வடிவில் நிற்கின்றது.

பயிற்சி வினாக்கள்

1. மீடிறன் முகாமைத்துவம் ஏன் ஓர் அமைப்பிடம் ஒப்படைக்கப்பட வேண்டும்? (04 புள்ளிகள்)

2. "2018 மார்ச் தடையும் 2022 ஏப்ரல் தடையும் ஒரே வகையானவை." இக்கூற்றை 14, 15 ஆம் உறுப்புரைகளின் அடிப்படையில் ஆராய்க. (10 புள்ளிகள்)

இரண்டாம் வினாவுக்கு முதற் பந்தியிலேயே உங்கள் நிலைப்பாட்டை எழுதுங்கள். சம்பவ விவரங்களை ஆறு வரிக்கு மேல் நீட்ட வேண்டாம், புள்ளிகள் காரணங்களுக்கே.