வெந்நீர்க் கருவி வாங்குவோர் கவனத்திற்கு

சரக்கைத் தட்டிப் பார்த்து வாங்கும் வியாபாரிகளாகிய நாம், குளியலறைக்கு ஹீட்டர் வாங்கும்போது விலையை மட்டுமே கேட்கிறோம். இது உயிர் சம்பந்தப்பட்ட பொருளாதலால், சில செய்திகளை அறிந்து வைப்பது நலம்.

லூமுட், பாகான் டத்தோ போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று இரும்பையும் மின் இணைப்புகளையும் அரிக்கிறது. அங்கே தகர உறையைவிடப் பிளாஸ்டிக் உறையே நன்று. ஈப்போவைச் சுற்றியோ சுண்ணாம்புக் குன்றுகள். அப்பக்கத்துக் கிணற்று நீரைப் பயன்படுத்துவோருக்குச் சூடேற்றும் கம்பியில் சுண்ணாம்பு படிந்து கம்பி விரைவில் கெடும்.

எனாமல் பூசிய இரும்புத் தொட்டிக்குள் மெக்னீசியக் கம்பி ஒன்று உண்டு. இரும்புக்கு முந்தித் தான் அரிபட்டு அது தொட்டியைக் காக்கிறது. அது தீர்ந்துபோனால் பிறகு அரிபடுவது தொட்டியே. ஆகவே ஆண்டுக்கொரு முறை பார்த்துக் கம்பியை மாற்றுவது, புதுத் தொட்டி வாங்குவதினும் இலாபம்.

எல்லாவற்றினும் முக்கியமானது மின்கசிவுத் தடுப்பான். ஈரத் தரையுள்ள இடங்களில் 10 மில்லியாம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி வேண்டுமென்பது 1994-ஆம் ஆண்டு மலேசிய மின்சார விதி. பழைய தோட்டத்து வீடுகளில் எர்த் கம்பியைச் சோதிக்காமல் ஹீட்டரை மாட்டலாகாது. மாதம் ஒருமுறை சோதனைப் பொத்தானை அழுத்துவோம். மின்சாரம் நிற்காவிடில், ஹீட்டரைத் தொடாமல் உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைப்போம். சில வெள்ளிகளை மிச்சம் பிடித்துக் குடும்பத்தைப் பணயம் வைக்கும் வியாபாரத்தில் இலாபம் ஏது?