மூளைக்குள் நான்கு அறைகள்



சளி பிடித்தால் "தலையில் நீர் கோத்துக்கொண்டது" என்று நாம் சொல்வதுண்டு. உண்மையாகவே மூளைக்குள் நீர் தேங்கும் நோய் ஒன்று உண்டு. பச்சிளங் குழந்தைகளையும் தாக்கும் அந்நோயைப் பற்றி அறிந்திருப்பது நலம்.

அறைகளும் நீரும்

மூளைக்குள் வென்ட்ரிக்கிள்கள் எனப்படும் நான்கு அறைகள் உள்ளன. வலத்தில் ஒன்று, இடத்தில் ஒன்று, நடுவில் மூன்றாவது, அதற்குக் கீழே சிறுமூளைக்கு முன்பாக நான்காவது. இவற்றிலுள்ள மெல்லிய இரத்தக்குழாய்ப் பின்னல் தெளிந்த நீரைச் சுரக்கிறது. அது அறைகளைக் கடந்து, மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்து, பின்பு இரத்தத்தில் சேருகிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளில் ஏறக்குறைய 500 மில்லி சுரக்கிறது. உள்ளே இருப்பதோ சுமார் 150 மில்லிதான். மூளை இந்நீரில் மிதப்பதால்தான் தன் பாரத்தாலேயே நசுங்காதிருக்கிறது.

வழி அடைபட்டால்

மூன்றாம், நான்காம் அறைகளை இணைக்கும் வாய்க்கால் மிகக் குறுகியது. பிறவிக் குறை, மூளைக்காய்ச்சல், கட்டி ஆகியவற்றால் அது அடைபடலாம். ஆனாலும் சுரப்பு நிற்பதில்லை. அறைகள் விரிந்து மூளையை நெருக்குகின்றன. குழந்தையின் மண்டையோட்டு எலும்புகள் இன்னும் ஒன்றுசேராததால் தலை பெரிதாகிறது.

கவனிக்க வேண்டிய அடையாளங்கள்

1. தலை வேகமாகப் பெருத்தல்
2. உச்சிக்குழி புடைத்திருத்தல்
3. கண்கள் கீழ்நோக்கியே இருத்தல்
4. ஓயாத வாந்தி, பால் குடிக்காமை, சோர்வு

சிகிச்சை

1956இல் அமெரிக்காவில், இந்நோயுள்ள குழந்தையின் தகப்பனாகிய ஜான் ஹோல்ட்டர் என்ற இயந்திரத் தொழிலாளி, மருத்துவர் யூஜின் ஸ்பிட்ஸுடன் சேர்ந்து ஒருவழி வால்வை உருவாக்கினார். அத்தகைய வால்வுள்ள 'ஷண்ட்' குழாய் தேங்கிய நீரை இன்று பெரும்பாலும் வயிற்றுக்குள் வடிக்கிறது. அக்குழாயும் அடைபடுவதுண்டு, உடனே மருத்துவமனை சேராவிட்டால் உயிருக்கே ஆபத்து.

தொலைதூரக் கிராமத்தார் என்ன செய்வார்கள்? உகாண்டாவின் இம்பாலே நகரிலுள்ள ஒரு கிறிஸ்தவ மருத்துவமனையில் டாக்டர் பெஞ்சமின் வார்ஃப் குழாயில்லாத வழியைக் கையாண்டார். எண்டோஸ்கோப் மூலம் மூன்றாம் அறையின் அடித்தளத்தில் துவாரமிட்டு நீருக்குப் புதுவழி திறந்தார். சுரக்கும் பின்னலையும் சுட்டுக் குறைத்தார். அங்கே 100 குழந்தைகளிடம் இரு முறைகளையும் ஒப்பிட்ட ஆய்வு 2017இல் வெளியானது. ஓராண்டுக்குப் பின் அறிவு வளர்ச்சியில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் காணப்படவில்லை.

நாம் செய்யக்கூடியது

நெருக்குண்ட மூளை காலம் கடந்தால் முழுவதும் மீளாமற்போகலாம். தலையின் சுற்றளவை அறிய ஓர் அளவுநாடா போதும். தடுப்பூசி போடச் செல்லும்போது அதையும் அளக்கக் கேட்கும்படி உங்கள் சபையிலுள்ள இளந்தாய்மாருக்குச் சொல்லுங்கள். இது சாபமல்ல, யாருடைய குற்றமுமல்ல. அடைபட்ட ஒரு வழி. அதைத் திறக்க மருத்துவம் உண்டு.