கான்வென்ட்: ஒரு சொல்லின் நெடும்பயணம்

(பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு)

மனிதரைப் போலவே சொற்களுக்கும் பிறப்பு உண்டு, வளர்ச்சி உண்டு. சில சொற்கள் ஊர் ஊராகச் சென்று, பிறந்த வீட்டையே மறந்து விடுவதும் உண்டு. நாம் நாள்தோறும் சொல்லும் ‘கான்வென்ட்’ என்பது அப்படிப்பட்ட ஒரு சொல். அதன் வரலாற்றை நாங்கள் தேடத் தொடங்கியது ஒரு பாட்டியால்.

ஒரு மாலை, பள்ளி விட்டதும் பேருந்து நிறுத்தத்தில் நாங்கள் நால்வர் நின்றிருந்தோம். அங்கே கொய்யாப்பழம் விற்கும் பாட்டி எங்கள் சீருடையைப் பார்த்துவிட்டு, “கான்வென்ட் புள்ளைங்களா? எங்கே, இங்கிலீஷுல நாலு வார்த்தை பேசுங்க கண்ணு, கேப்போம்” என்றார். “நாங்க தமிழ் மீடியம், பாட்டி” என்றோம். “அப்படின்னா நீங்க கான்வென்ட் இல்லையா?” என்று கேட்டார் அவர். கள்ளமில்லாத கேள்விதான். ஆயினும் எங்களுள் ஒருத்திக்கும் விடை தெரியவில்லை. அன்று பேருந்தில் நாங்கள் வழக்கம்போல் பேசிச் சிரிக்கவும் இல்லை.

மறுநாள் நூலக வகுப்பில் சிஸ்டரிடம் இதைச் சொன்னோம். அவர் உடனே விடை கூறாமல், “அது லத்தீன் சொல். வேரிலிருந்து தேடிக்கொண்டு வாருங்கள், பிறகு பேசுவோம்” என்று ஒரு தடித்த அகராதியை எங்கள் கையில் கொடுத்தார். நாங்கள் தேடி அறிந்தவற்றை இங்கே தருகிறோம்.

சொல்லின் பிறப்பு

லத்தீனில் ‘கொன்’ என்றால் ‘ஒன்றாக’. ‘வெனீரே’ என்றால் ‘வருதல்’. இவ்விரண்டும் சேர்ந்து ‘கொன்வெந்துஸ்’ என்னும் பெயர்ச்சொல் ஆயிற்று. ‘ஒன்றாக வந்து கூடுதல்’ என்பதே அதன் முதற்பொருள். அதில் சுவர் இல்லை, கூரை இல்லை, மனிதர் கூடுவது மட்டுமே உண்டு.

இந்தச் சொல்லின் உடன்பிறப்புகள் பலர் நமக்கு முன்பே அறிமுகமானவர்கள். மாநாட்டைக் குறிக்கும் ‘கன்வென்ஷன்’, கூட்டத்தைக் கூட்டுகின்ற ‘கன்வீனர்’ ஆகியோர் இக்குடும்பத்தினரே. கிறிஸ்து பிறப்புக்கு முன்வரும் திருவருகைக் காலத்தை ‘அட்வென்ட்’ என்கிறோம் அல்லவா? அதுவும் ‘வெனீரே’ பெற்ற மகள்தான். அட்வென்ட் என்பது ‘நம்மிடம் வருதல்’. கான்வென்ட் என்பது ‘ஒன்றாக வருதல்’. இருவரும் அக்காள் தங்கை எனலாம்.

உரோமை ஆட்சியில்

உரோமைப் பேரரசின் மாநிலங்களில் ஆளுநர் ஓரிடத்திலேயே இருந்து நீதி வழங்கவில்லை. குறித்த நகரங்களுக்குக் குறித்த நாட்களில் செல்வார். சுற்றுவட்டார மக்கள் தங்கள் வழக்குகளோடும் மனுக்களோடும் அங்கே வந்து கூடுவர். அக்கூட்டத்துக்குக் ‘கொன்வெந்துஸ்’ என்று பெயர். நம் தாலுகா அலுவலகத்தில் ஆண்டுதோறும் ஜமாபந்தி நடக்கும்போது மக்கள் மனுக்களோடு வந்து நிற்பதை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும்.

கி.மு. 58ஆம் ஆண்டுப் போர்கள் முடிந்ததும், ஜூலியஸ் சீசர் படையைக் குளிர்காலப் பாசறையில் விட்டுவிட்டு, இத்தாலியை அடுத்த கால் மாநிலத்துக்கு இத்தகைய கூட்டங்களை நடத்தச் சென்றார். இதை அவரே தம் நூலில் எழுதியுள்ளார்.

நாளடைவில், வழக்குக்காக ஒரு நகரில் கூடும் ஊர்கள் அனைத்தும் சேர்ந்த வட்டாரத்துக்கே அப்பெயர் வந்தது. நம் நாட்டு மிளகு வாணிகத்தைப் பற்றி எழுதிய மூத்த பிளினி, இன்றைய ஸ்பெயினும் போர்ச்சுகலும் உள்ள நிலப்பகுதியில் இருந்த வட்டாரங்களைக் குறித்து வைத்திருக்கிறார். ஒரு மாநிலத்தில் 7, மற்றொன்றில் 4, இன்னொன்றில் 3. ஆக மொத்தம் 14. கூடுதல் என்னும் செயலைக் குறித்த சொல், கூடும் இடத்தைக் குறித்து, பின்பு நிலப்பரப்பையும் குறித்தது. சொல் இடப்பெயராக மாறிய முதற்படி இதுவே.

துறவிகளின் இல்லம்

‘மோனஸ்டெரி’ என்னும் சொல் ‘தனி’ என்று பொருள்படும் ‘மோனோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. ஊரை விட்டு விலகித் தனித்து வாழ்ந்த துறவிகளை அது நினைவூட்டுகிறது.

13ஆம் நூற்றாண்டில் அசிசி நகர்ப் புனித பிரான்சிசும் புனித சாமிநாதரும் புதிய சபைகளைத் தொடங்கினர். இச்சபையினர் நகரங்களில், மக்களின் நடுவில் வாழ்ந்து போதித்தனர். அவர்கள் சேர்ந்து வாழ்ந்த இல்லம் ‘கொன்வெந்துஸ்’ எனப்பட்டது. 12 பேருக்குக் குறையாத துறவிகளும், ஒரு தலைவரும், கற்பிக்க ஓர் ஆசிரியரும் இருந்தால்தான் புதிய இல்லம் தொடங்கலாம் என்பது சாமிநாதர் சபையின் தொடக்ககால விதி. ஆகவே கான்வென்டில் ஆசிரியர் இருப்பது இன்று நேற்று வந்த வழக்கமன்று!

இவர்கள் அனைவரும் ஆண் துறவிகள் என்பதைத் தோழியர் கவனிக்க வேண்டும். பிரான்சிஸ்கன் சபையின் ஒரு பிரிவினர் இன்றும் ‘கன்வென்சுவல்’ என்றே அழைக்கப்படுகின்றனர். பெண் துறவியரின் இல்லத்துக்கும் இதே பெயர் வழங்கியது. 1298இல் திருத்தந்தை எட்டாம் போனிபாஸ், கன்னியர் மடங்களுக்குள் வெளியார் வருவதையும் கன்னியர் வெளியே செல்வதையும் கண்டிப்பாக வரையறுத்து ஆணையிட்டார். ‘எல்லோரும் வருக’ என்று பிறந்த சொல்லைச் சுற்றி உயர்ந்த மதில் எழுந்தது. ஏறக்குறைய 18ஆம் நூற்றாண்டு முதல் ஆங்கிலத்தில் ‘கான்வென்ட்’ என்றால் பெரும்பாலும் கன்னியர் மடம் என்றே பொருளாயிற்று.

லண்டனில் ஒரு தோட்டம்

பழைய பிரெஞ்சு மொழி வழியாக இச்சொல் இங்கிலாந்துக்குச் சென்றபோது இடையில் ஓர் எழுத்தைத் தொலைத்து ‘கோவென்ட்’ ஆயிற்று. லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் மடத்துத் துறவிகளுக்கு ஒரு தோட்டம் இருந்தது. எட்டாம் ஹென்றி மன்னர் காலத்தில் அது அரசின் கைக்குப் போயிற்று. 1552இல் பெட்போர்டு பிரபுவின் குடும்பத்துக்குக் கிடைத்தது. தோட்டம் மறைந்து காய்கனிச் சந்தை வந்தது. 1974இல் அச்சந்தையும் வேறிடம் போய்விட்டது. ஆனால் ‘கோவென்ட் கார்டன்’ என்ற பெயர் மட்டும் போகவில்லை.

பெர்னார்ட் ஷா எழுதி, 1913இல் முதலில் மேடையேறிய ‘பிக்மேலியன்’ நாடகம் இவ்விடத்தில்தான் தொடங்குகிறது. அதில் வரும் பூக்காரப் பெண் எலைசா, மேட்டுக்குடியினரின் ஆங்கிலத்தைப் பேசக் கற்றுக்கொண்டதும் உலகம் அவளை வேறு விதமாக நடத்துகிறது. பெண் அதே பெண்தான். பேச்சு மட்டுமே மாறிற்று. இதைப் படித்ததும் எங்களுக்குக் கொய்யாப்பழப் பாட்டியின் கேள்வி நினைவுக்கு வந்தது.

நம் நாட்டுக்கு வந்தது

போர்ச்சுகீசியர் ஆண்ட கோவாவில் 1606இல் புனித மோனிக்கா கன்னியர் மடம் தொடங்கப்பட்டது. நம் தமிழகத்தில் பெண் கல்வியோடு இச்சொல் சேர்ந்த கதையே நமக்கு முக்கியமானது.

அயர்லாந்தின் கார்க் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்வி தருவதற்காக நேனோ நேகிள் அம்மையார் 1775இல் ஒரு சபையைத் தொடங்கினார். கத்தோலிக்கர் பள்ளி நடத்துவதைச் சட்டம் தடுத்திருந்த நாட்களிலேயே அவர் மறைவாகப் பள்ளிகள் நடத்தியவர். அச்சபையின் சகோதரிகள் 1842இல் கடல் கடந்து சென்னைக்கு வந்தனர். ‘பிரசன்டேஷன் கான்வென்ட்’ என்ற பெயர் இப்படித்தான் சென்னைக்கு வந்தது.

இரண்டே ஆண்டுகளில், 1844இல், புதுச்சேரியில் துய்ப்புய் அடிகளார் நம் நாட்டுப் பெண்களைக் கொண்டே மரியாயின் மாசற்ற இருதய சபையை நிறுவினார். பெண்கள் எழுதப் படிக்கக் கூடாது என்று பலர் எண்ணிய அந்நாளில், பெண் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதே அச்சபையின் நோக்கம். இதே அடிகளார், மூஸ்ஸே அடிகளாருடன் சேர்ந்து தமிழ்–பிரெஞ்சு அகராதி ஒன்றையும் உருவாக்கினார். அதன் முதல் தொகுதி 1855இல் வெளிவந்தது. கன்னியர் சபையை நிறுவியவரே தமிழ் அகராதியும் தொகுத்திருக்கிறார் என்றால், கான்வென்டும் தமிழும் ஒன்றுக்கொன்று அந்நியம் என்று யார் சொல்ல முடியும்?

இன்றைய பொருள்

இன்று கன்னியர் ஒருவர்கூட இல்லாத இடங்களிலும் ‘கான்வென்ட்’ என்ற பலகை தொங்குகிறது. மணமகள் தேவை விளம்பரங்களில் ‘கான்வென்டில் படித்தவர்’ என்று எழுதுகிறார்கள். ஆங்கிலம், கட்டணம், அந்தஸ்து ஆகிய மூன்றும் சேர்ந்ததே இன்று பலருக்குக் கான்வென்ட். ஆங்கிலம் கற்பது நல்லதே. நாங்களும் விரும்பிக் கற்கிறோம். ஆனால் கூடுவதற்குப் பிறந்த சொல், ஒருவரை உயர்த்தி மற்றவரைத் தள்ளிவைக்கப் பயன்படுவது சரியா?

நம் தமிழிலும் ஒரு சொல் இதே போன்ற வழியில் நடந்திருக்கிறது. ‘பள்ளி’ என்பது சமண, பௌத்தத் துறவிகள் வாழ்ந்த இடத்தின் பெயராகவும் வழங்கியது. சமணப் பள்ளிகளைக் கல்வெட்டுகளிலும் காணலாம். இன்று அதே சொல் பிள்ளைகள் படிக்கும் இடத்தின் பெயர். துறவியர் வாழ்ந்த இடத்தின் பெயர் கற்கும் இடத்துக்கு வந்தது அங்கும் உண்டு, இங்கும் உண்டு. ‘பள்ளிக்கூடம்’ என்று சொல்லும்போதே ‘கூடு’ என்ற ஒலி நம் காதில் விழவில்லையா?

நாங்கள் விட்டுவிட்ட ஒன்று

இவ்வளவையும் எழுதிச் சிஸ்டரிடம் பெருமையோடு காட்டினோம். அவர் படித்துவிட்டு, “நன்றாக இருக்கிறது. ஆனால் ஒன்றை விட்டுவிட்டீர்கள்” என்று கூறி, பழைய லத்தீன் விவிலியத்தை எடுத்து வந்தார். யாகப்பர் எழுதிய திருமுகம், 2ஆம் அதிகாரம், 2ஆம் வசனத்தில் விரலை வைத்தார். எங்களுக்கு லத்தீன் தெரியாது. எனினும் அந்த ஒரு சொல்லை நாங்கள் அடையாளம் கண்டுகொண்டோம். ‘கொன்வெந்துஸ்’!

அங்கே சொல்லப்படுவது இதுதான். பொன் மோதிரமும் பளபளக்கும் உடையும் அணிந்த ஒருவர் உங்கள் கூட்டத்துக்குள் வருகிறார். அழுக்குடை அணிந்த ஏழை ஒருவரும் வருகிறார். முதலாமவருக்கு நல்ல இருக்கையைக் காட்டிவிட்டு, ஏழையை ‘அங்கே நில்’ என்றோ, ‘கால்மாட்டில் உட்கார்’ என்றோ சொன்னால், அது வேற்றுமை பாராட்டுவது ஆகாதா என்று யாகப்பர் கேட்கிறார்.

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஏனெனில் எங்கள் பள்ளியில் மதிய உணவு வேளையில் ஆங்கில மீடியம் தோழியர் வேப்பமரத்தடியில் அமர்வார்கள். நாங்கள் கிணற்றடித் திண்ணையில் அமர்வோம். அப்படி அமரும்படி எந்த ஆசிரியையும் சொன்னதில்லை. ஆறாம் வகுப்பு முதல் நாங்களாகவே போட்டுக்கொண்ட கோடு அது. அவர்கள் எங்களைத் தள்ளிவைத்தார்கள் என்று நாங்கள் எண்ணியிருந்தோம். உண்மையில், அவர்களில் ஒருத்தி திண்ணைப் பக்கம் வந்தபோது பேச்சை நிறுத்திக்கொண்டவர்களும் நாங்கள்தாம்.

அடுத்த திங்கட்கிழமை சாப்பாட்டு டப்பாக்களோடு நாங்கள் நால்வரும் வேப்பமரத்தடிக்குச் சென்றோம். முதல் நாள் ஒருவருக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை. இரண்டாம் நாள் ஒரு தோழி எங்கள் எலுமிச்சை ஊறுகாயைக் கேட்டாள், பேச்சு தொடங்கிவிட்டது. எல்லோரும் வந்துவிடவில்லை. திண்ணையில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். மரத்தடியிலும் சிலர் திரும்பி அமர்கிறார்கள். ஆயினும் இப்போது ஒன்பது பேர் சேர்ந்து உண்கிறோம். கணக்குப் பாடத்தில் அவர்களுக்கு நாங்களும், ஆங்கிலக் கட்டுரையில் எங்களுக்கு அவர்களும் உதவிக்கொள்கிறோம்.

பாட்டியிடமும் விடை சொல்லிவிட்டோம். “நாங்க கான்வென்ட்தான் பாட்டி. கான்வென்ட்னா இங்கிலீஷ் இல்ல, எல்லாரும் ஒண்ணா வந்து சேர்றதுன்னு அர்த்தம்” என்றோம். பாட்டி சிரித்துக்கொண்டே, “அப்படின்னா நானும் கான்வென்ட்தான். தெனமும் நீங்க எல்லாரும் எங்கிட்ட வந்து சேர்றீங்களே” என்றார்.

அகராதி எங்களுக்குச் சொன்னதைப் பாட்டி ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். அன்புத் தோழியரே! நம் வாயிலில் எழுதியிருக்கும் சொல்லின் பொருளை நாம் மறவாதிருப்போம். அந்தப் பொருள் பலகையில் இல்லை. நாம் யார் பக்கத்தில் அமர்கிறோம் என்பதில் இருக்கிறது.