மனு எண் மட்டும் போதுமா?

கேள்வி: மனுவெல்லாம் கணினியில் ஏறிவிட்டது. இனி அரசு நிர்வாகம் வெளிப்படையாகிவிடுமா?
– வாசகர், சிதம்பரம் வட்டம்

பதில்: பாதிக் கிணறு தாண்டியிருக்கிறோம். 2025 ஜூலை 15 அன்று உங்கள் சிதம்பரத்தில்தான் மக்களிடம் நேரில் மனு வாங்கும் ‘உங்களுடன் ஸ்டாலின்’ அரசு முகாம்கள் தொடங்கின. நகரங்களில் 43 சேவைகள், கிராமங்களில் 46. 45 நாளில் தீர்வு என்றது அரசு. திங்கள்தோறும் கடலூர் ஆட்சியர் அலுவலகத்துக்கு மனுவோடு பஸ் ஏறியவர்களுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. பட்டா, சிட்டாவை வீட்டிலிருந்தே பார்க்க முடிகிறது.

ஆனால் மனு கொடுப்பது வேறு, நிர்வாகத்தில் பங்கேற்பது வேறு. ‘நடவடிக்கை எடுக்கப்பட்டது’ என்ற ஒற்றை வரியோடு மனுவை முடித்துவைத்தால் விடாதீர்கள். அதன்மீது யார், என்ன குறிப்பு எழுதினார் என்று தகவல் உரிமைச் சட்டப்படி கோப்பின் நகலைக் கேளுங்கள். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம், கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தரவேண்டும். மத்தியச் சட்டம் 2005இல் வந்தது. தமிழ்நாடு 1997இலேயே இந்த உரிமையைச் சட்டமாக்கிய முதல் மாநிலம்.

கிடைத்த பதிலோடு கிராம சபைக்குப் போங்கள். ஊரறிய எழுந்து நின்று வரவு செலவுக் கணக்குக் கேட்கும் வலிமையை எந்தச் செயலியும் தராது.