கதவையும் அளந்து எழுது

அன்புத் தம்பிக்கு,

பிஎச்.டி.க்கு இடம் கிடைத்துவிட்டது என்று நீ போனில் சொன்னதும் மனசு நிறைந்துபோயிற்று. தண்டுவடத்தில் அடிபட்டவர்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியபின் எப்படி வாழ்கிறார்கள் என்பதைத்தான் எடுக்கப்போகிறேன் என்றாய். பதினெட்டு வருஷத்துக்கு முன் நான் எடுத்ததும் அதே விஷயம்தான். அதில் நான் செய்த ஒரு தவறை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

டேட்டா எடுக்கப் போன வீடுகளில் ஒரு அக்கா வீடும் இருந்தது. சித்தாள் வேலைக்குப் போன இடத்தில் சாரத்திலிருந்து விழுந்தவர். இடுப்புக்குக் கீழே உணர்வு கிடையாது. கைகளுக்கு நல்ல பலம். அன்றாட வேலைகளை ஒருவர் எவ்வளவு தனியாகச் செய்கிறார் என்று அளக்கும் பார்தெல் அட்டவணையை எடுத்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். உனக்குத் தெரியும், பத்தே கேள்வி, மொத்தம் 100 மதிப்பெண். கழிப்பறைக்குத் தனியாகப் போவீர்களா என்று கேட்டதற்கு, "எங்கம்மா போறது? தம்பி பொண்டாட்டிதான் தூக்கிட்டுப் போறா" என்றார். 0 போட்டேன். அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்.

கிளம்பும்போது கொல்லைப்புறம் கை கழுவப் போனேன். கழிப்பறைக் கதவின் நிலையில் இரண்டு பக்கமும் பெயின்ட் உரிந்து கிடந்தது. வீல்சேரைத் தள்ளித் தள்ளிப் பார்த்து, நுழையாமல் விட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்தேன், ஆனால் எழுதிக்கொள்ளவில்லை. எழுத என் படிவத்தில் இடமும் இல்லை.

இரண்டு வருஷம் கழித்து வேறு வேலையாக அந்த ஊருக்குப் போனேன். அக்காவின் தம்பி நிலையைப் பெயர்த்தெடுத்துவிட்டு ஒரு திரை தொங்கவிட்டிருந்தார். உள்ளே கமோடு வைத்து, பக்கத்துச் சுவரில் ஜி.ஐ. பைப்பை வளைத்துக் கைப்பிடியாகப் பதித்திருந்தார். அக்கா என் கண்முன்னே வீல்சேரை உருட்டிக்கொண்டு போய், யார் உதவியும் இல்லாமல் திரும்பி வந்தார். அட்டவணைப்படி இப்போது 10. காலில் உணர்வு திரும்பவில்லை, தசைபலம் ஒரு படிகூட ஏறவில்லை. அதற்குள் என் ஆய்வேடு பைண்டாகி நூலகத்துக்குப் போய்விட்டிருந்தது. அவருடைய 0 காயத்தின் கணக்கில் எழுதப்பட்டு அதில் இன்னமும் இருக்கிறது.

இங்கிலாந்தில் மைக் ஆலிவர் என்ற ஆய்வாளர் இதை 1990-லேயே பளிச்சென்று காட்டிவிட்டார். அவரே சக்கர நாற்காலியில் இருந்தவர். அரசாங்கக் கணக்கெடுப்பு மாற்றுத்திறனாளிகளிடம் கேட்ட கேள்விகளை ஒவ்வொன்றாகத் திருப்பி எழுதினார். உன் உடம்பில் என்ன கோளாறு என்று இருந்த இடத்தில், நீ பிடிக்க வேண்டிய பொருளின் அமைப்பில் என்ன கோளாறு என்று கேட்டார். வைவாவுக்காக அவரைப் படித்தேன், மேற்கோள்கூடக் காட்டினேன். அக்கா வீட்டு வாசலில் அவர் எனக்கு ஞாபகம் வரவில்லை.

கேள்வி மாறினால் எண்ணிக்கையே மாறும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.21 சதவீதம். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் உலக மக்களில் 16 சதவீதம் என்றது. இரண்டும் ஒரே அளவுகோல் இல்லை என்பதால் நேராக ஒப்பிட முடியாது. ஆனால் இடைவெளியின் ஒரு பகுதி கேள்வியில் இருக்கிறது. "வீட்டில் ஊனமுற்றவர் யாராவது உண்டா?" என்று கேட்டால், கல்யாணத்துக்குப் பெண் இருக்கிற வீட்டில் என்ன சொல்வார்கள்? மாற்றுத்திறனாளிகளைக் கணக்கெடுப்பதற்காக வாஷிங்டன் குழு என்ற அமைப்பு உருவாக்கிய ஆறு கேள்விகளில் அந்தச் சொல்லே வராது. பார்ப்பதில், கேட்பதில், நடப்பதில் சிரமம் உண்டா, எவ்வளவு என்றுதான் போகும். மூட்டுவலிக்காரப் பாட்டியும் அதற்குத் தயங்காமல் பதில் சொல்வார்.

இன்னொரு கதை, கொஞ்சம் கசப்பானது. இங்கிலாந்தில் லீ கோர்ட் என்ற விடுதியில் இருந்த மாற்றுத்திறனாளிகள், எப்போது படுப்பது, எப்போது எழுவது என்பதைத் தாங்களே முடிவுசெய்யப் போராடினார்கள். 1960-களில் அவர்களே ஆய்வாளர்களை அழைத்தார்கள், தங்கள் பக்கம் பேச ஆள் கிடைக்கும் என்று நம்பி. அந்த ஆய்வாளர்கள் எழுதி 1972-இல் வந்த புத்தகமோ, சமூகத்துக்கு ஏற்கெனவே செத்துப்போனவர்களை உடல் சாகும்வரை பார்த்துக்கொள்வதே இப்படிப்பட்ட விடுதிகளின் வேலை என்ற முடிவுக்கு வந்தது. அங்கே வாழ்ந்த பால் ஹன்ட் அந்த ஆய்வாளர்களை ஒட்டுண்ணிகள் என்றே எழுதினார். அது 1981-இல் அச்சானபோது அவர் உயிரோடு இல்லை. உன் கைடு கொடுக்கும் பட்டியலில் இது இருக்காது. தேடிப் படி. நம்மை வாசல்வரை வந்து வரவேற்கிறவர்கள் நாம் போனபின் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்ற பயம் உனக்கு வரவேண்டும்.

அதனால் சினாப்சிஸ் எழுதுவதற்கு முன்னாலேயே, நீ ஆராயப்போகிறவர்களிடம் போ. யுஜிசியின் 2022 விதிப்படி உனக்கு ஆறு வருஷம்வரை இருக்கிறது. அதில் முதல் மூன்று மாதத்தைக் கேள்வித்தாள் இல்லாமல் நடப்பதற்கு ஒதுக்கு. எதை ஆராய்ந்தால் உங்களுக்குப் பிரயோஜனம் என்று கேள். நீ படுக்கைப்புண்ணை நினைத்துப் போவாய்; அவர்கள் பஸ்ஸைச் சொல்வார்கள், மூத்திரப் பை மாற்ற இடமில்லாத ரேஷன் கடையைச் சொல்வார்கள். கேள்வித்தாளை எழுதும்போது அவர்களில் இரண்டு பேர் உன் பக்கத்தில் உட்காரட்டும், நாள்கூலியும் ஆட்டோக் காசும் வாங்கிக்கொண்டு. அவர்களுக்கு ஆராய்ச்சி என்ன தெரியும் என்று யாராவது கேட்டால் டாக்டர் மேரி வர்கீஸைச் சொல். 1954-இல் விபத்தில் கால்கள் செயலிழந்தபின், வேலூரில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். 1966-இல் அங்கே திறந்த மறுவாழ்வு நிலையத்துக்கும் அவரே தலைமை ஏற்றார்.

சம்மதப் படிவத்தை எத்திக்ஸ் கமிட்டிக்காக எழுதாதே. உன் அம்மாவிடம் வாசித்துக் காட்டு. எந்த வரியில் முகம் சுளிக்கிறாரோ அதை மாற்று. அதில் கையெழுத்துப் போடுபவர் கட்டிலில் இருப்பவர், கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்பவர் இல்லை. பேச்சு தடுமாறுபவராக இருந்தால் இன்னும் அரை மணிநேரம் உட்கார். அந்த அரை மணிநேரத்தை மிச்சம் பிடிக்க அண்ணனிடமும் மனைவியிடமும் பதில் வாங்கித்தான் நம் துறையில் எத்தனையோ பக்கங்கள் நிரம்பியிருக்கின்றன. முடிவு வந்தபின் தமிழில் நாலு பக்கம் எழுதி எடுத்துக்கொண்டு அதே வீடுகளுக்குத் திரும்பப் போ. "போன தடவை எழுதிட்டுப் போனது என்னாச்சு?" என்று என்னை ஒருவர் கேட்டிருக்கிறார். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

அடுத்த மாதம் அந்த அக்கா வீட்டுக்குப் போகிறேன். இப்போது வீட்டு வாசலிலேயே தையல் மெஷின் போட்டிருக்கிறாராம். நீயும் வா. அளக்கிற டேப் நான் எடுத்து வருகிறேன்.

அன்புடன்,
அக்கா