வலியின் சொற்கள்: மணிப்புரி மொழியில் உடலும் நோயும்

மணிப்பூர் மாநிலத்திலிருந்து சிகிச்சைக்காகச் சென்னைக்கும் வேலூருக்கும் வரும் குடும்பங்கள் பல. அம்மாநிலத்தைச் சேர்ந்த செவிலியர்களும் தமிழக மருத்துவமனைகளில் பணியாற்றுகின்றனர். ஆகவே நம் வாசகர்களில் சிலருக்கு அடுத்த படுக்கையில் இருப்பவர் மணிப்புரி பேசுபவராக இருக்கக்கூடும். அவர் தம் வலியை எந்தச் சொல்லால் கூறுகிறார், அச்சொல் எங்கே பிழையாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்பவற்றை இப்பாடத்தில் விளக்குகிறோம். இதைப் பயில்வோர் தம் சொந்த வலியைக் கூறும் முறையையும் சீர்செய்துகொள்ளலாம்.

மொழியும் எழுத்தும்

மணிப்புரி மொழிக்கு மெய்தெய்லோன் என்ற பெயரும் உண்டு. இம்பால் பள்ளத்தாக்கில் வாழும் மெய்தெய் மக்களின் தாய்மொழியாகிய இது, திபெத்திய பர்மிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. 1992ஆம் ஆண்டு இந்திய அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் இடம்பெற்றது. மலைப்பகுதி மக்களுக்குத் தாங்குல், தாடோ, மாவோ எனத் தனித்தனித் தாய்மொழிகள் உள்ளன. ஆகவே மணிப்பூரிலிருந்து வந்தவர் என்பதனாலேயே அவருடைய தாய்மொழி மணிப்புரி என்று கொள்ளலாகாது. "உங்கள் வீட்டில் பேசும் மொழி எது?" என்று முதலில் கேட்பதே முறை.

இம்மொழியின் மரபெழுத்தாகிய மெய்தெய் மயேக்கில் மூல எழுத்துகள் 18. அவற்றுள் பெரும்பாலானவை உடலுறுப்புகளின் பெயர்களையே தாங்கியுள்ளன. முதல் எழுத்து 'கோக்', அதாவது தலை. அடுத்தது 'ஸம்', முடி. பின்னர் நெற்றியாகிய 'லாய்', கண்ணாகிய 'மித்' என வரிசை கீழிறங்குகிறது. காது, உதடு, மார்பு ஆகியவற்றைக் கடந்து, தோலாகிய 'உன்', இரத்தமாகிய 'ஈ' ஆகியனவும் எழுத்துகளாகின்றன. எழுத்தறியும் குழந்தை உடலையும் உடன் அறிகிறது. உயிரெழுத்து, மெய்யெழுத்து என்று வழங்கும் நமக்கு இம்மரபு அந்நியமாகத் தோன்றாது.

அன்றாட உறுப்புப் பெயர்கள்

கீழ்வரும் சொற்களில் சகரத்தைப் 'பச்சை' என்பதில் ஒலிப்பதுபோல வல்லோசையாகவே ஒலிக்க வேண்டும்.

தலை: கோக். கண்: மித். காது: நாகோங். மூக்கு: நாதோன். வாய்: சின். பல்: யா. கழுத்து: ஙக். கை: குத். கால்: கோங். வயிறு: புக். இதயம்: தம்மொய். எலும்பு: ஸரு. தோல்: உன். இரத்தம்: ஈ.

மணிப்புரியில் உறவுப் பெயருக்கும் உறுப்புப் பெயருக்கும் முன்னே உடையவரைச் சுட்டும் ஓர் ஒலி சேர்வதுண்டு. 'இமா' என் தாய். 'நமா' உன் தாய். 'மமா' அவருடைய தாய். அவ்வாறே 'இகோக்' என் தலை, 'நகோக்' உன் தலை, 'மகோக்' அவருடைய தலை.

தடுமாற வைக்கும் ஒலிகள்

முதலாவது, காதும் காலும். காது என்பது 'நாகோங்'. உன் கால் என்பது 'நகோங்'. பின்னதில் ககரம் மூச்சோடு சேர்ந்து ஒலிக்கும். தமிழில் அவ்வேறுபாடு இல்லாமையால் நம் செவிக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. அறுவை சிகிச்சைக்குப் பின் ஒரு காலில் புதிதாக வலியும் வீக்கமும் தோன்றினால், இரத்தக்குழாயில் இரத்தம் உறைந்திருக்கக்கூடும். உடனே பரிசோதிக்க வேண்டும். அவ்வலியைக் காதுவலி என்று பதிவு செய்துவிட்டால் காலம் வீணாகும்.

இரண்டாவது, வாயும் மோவாயும். மணிப்புரியில் 'சின்' என்றால் வாய். ஆங்கிலத்தில் அதே ஒலி மோவாயைக் குறிக்கும். வாய்ப்புண்ணால் உணவு உண்ண இயலாதவர் மோவாய் வலிப்பதாகச் சொல்கிறார் என்று கருதிவிடலாம். மார்பிலிருந்து தாடைக்குப் பரவும் வலி மாரடைப்பின் அறிகுறியாகவும் இருக்கக்கூடும் என்பதால், வலி வாய்க்குள்ளா, தாடை எலும்பிலா என்று உறுதி செய்துகொள்வது இன்றியமையாதது.

மூன்றாவது, கை. 'குத்' என்ற சொல் தமிழின் 'கை'யைப் போலவே உள்ளங்கைக்கும் முழுக் கைக்கும் வழங்குகிறது. 'கோங்' என்பதும் நம் 'கால்' போன்றதே. "கை வலிக்கிறது" என்று தமிழில் கூறினாலும் மருத்துவருக்கு அது போதாது. தோளில் தொடங்கி இடக்கை வழியே இறங்கும் வலி வேறு. விரல்களில் இரவில் தோன்றும் மதமதப்பு வேறு.

நான்காவது, 'நாய்'. மணிப்புரி நோயாளி 'யாம்னா நாய்' என்றால் மிகவும் வலிக்கிறது என்று பொருள். அது விலங்கின் பெயரும் அன்று, வசைச் சொல்லும் அன்று. அடுத்த படுக்கையிலிருந்து அச்சொல் எழுந்தால் செவிலியரை அழையுங்கள்.

வயிறும் மனமும்

வயிறு 'புக்'. மனம் 'புக்னிங்'. மனத்தைக் குறிக்கும் சொல் வயிற்றைக் குறிக்கும் ஒலியோடு தொடங்குவதால், பாதி மட்டும் கேட்டவர் வயிற்றுவலி என்று குறித்துவிட நேரலாம். 'நுங்ஙாய்பா' என்றால் மகிழ்ந்திருத்தல். 'நுங்ஙாய்தபா' என்றால் மகிழ்ச்சியின்றி இருத்தல். 'புக்னிங்' என்ற சொல்லோடு இதுவும் சேர்ந்து வந்தால், அங்கே தேவைப்படுவது வயிற்றுக்கான மாத்திரை அன்று. ஊரையும் பிள்ளைகளையும் விட்டுப் பல வாரங்கள் தங்கியிருக்கும் நோயாளிக்கும் துணையிருப்போருக்கும் உறக்கமின்மையும் மனச்சோர்வும் வரக்கூடும். அவையும் மருத்துவரிடம் கூற வேண்டிய நோய்க்குறிகளே.

நோயைக் கூறும் சொற்கள்

'நாபா' என்பது வலிப்பதையும் நோயுறுவதையும் சேர்த்துக் குறிக்கும். 'நாப்ரா?' என்று கேட்டால் "வலிக்கிறதா?" என்பது பொருள். தலைவலியைக் 'கோக் சிக்பா' என்பர். 'சிக்பா' என்பதற்குக் கடித்தல் என்ற பொருளும் உண்டு. காய்ச்சல் 'லாய்ஹௌ'. இருமல் 'லோக் குபா'. வாந்தி 'ஓபா'. மருந்து 'ஹிதாக்'. சிகிச்சை 'லாயெங்', சிகிச்சை செய்யும் இல்லம் 'லாயெங்ஸங்'. நம் 'மருத்துவமனை' என்ற சொல்லும் இவ்வாறே அமைந்தது.

கடித்தல், இடித்தல், குத்துதல், எரிதல், கடுத்தல் ஆகிய ஒவ்வொன்றும் நோயின் தன்மைக்கு ஒரு தடயம். அவற்றையெல்லாம் 'வலி' என்ற ஒரே சொல்லாகச் சுருக்கி மொழிபெயர்த்தால் தடயம் அழிந்துபோகும்.

இன்னும் இரண்டு சொற்கள்: நீர் 'இஸிங்', சோறு 'சாக்'. அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்பவர் 'இஸிங்' என்று கேட்டால் இரக்கத்தால் நீர் கொடுத்துவிடாதீர்கள். வயிற்றில் உணவோ நீரோ இருக்கும்போது மயக்க மருந்து செலுத்தினால், அது மேலெழுந்து நுரையீரலுக்குள் புகும் ஆபத்து உண்டு. செவிலியரிடம் தெரிவிப்பதே நாம் செய்யத்தக்க உதவி.

துணையிருப்போர் கடைப்பிடிக்க வேண்டியவை

1. சொல்லுக்கு முன் விரல் பேசட்டும். வலிக்கும் இடத்தை நோயாளியே ஒரு விரலால் தொட்டுக் காட்டட்டும். பரவும் வலியாயின் தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் காட்டட்டும்.

2. நோயாளி முதலில் தம் தாய்மொழியில் முழுவதும் கூறி முடிக்கட்டும். அதன் பின்னரே மொழிபெயர்க்கவும். "இவருக்கு வாயுத் தொல்லைதான்" என்பது போன்ற முடிவை இடையில் சேர்க்க வேண்டா.

3. எப்போது தொடங்கியது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது, எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது ஆகிய நான்கையும் எழுதி வைக்கவும். வலியின் அளவை 0 முதல் 10 வரையிலான எண்ணால் கூறலாம். விரல்களால் எண்ணைக் காட்டினால் மொழி தேவையில்லை.

4. சிறுவர்களை மொழிபெயர்ப்பாளராக்க வேண்டா. கடுமையான செய்திகளைச் சுமக்கும் வயது அவர்களுக்கு இல்லை. அச்சத்தால் மறைத்துவிடவும் கூடும். மொழி அறிந்த பணியாளர் எவரேனும் உளரா என்று செவிலியரிடம் கேளுங்கள்.

5. மருந்தின் அளவையும் வேளையையும் கேட்டபின், புரிந்துகொண்டதை நோயாளியோ துணையிருப்பவரோ திருப்பிச் சொல்லட்டும். தலையசைப்பு புரிந்ததற்குச் சான்றாகாது.

இவ்விதிகள் மணிப்புரி பேசுவோருக்கு மட்டும் உரியன அல்ல. நெஞ்செரிச்சலையும் மாரடைப்பையும் 'நெஞ்சுவலி' என்ற ஒரே சொல்லால் கூறும் நமக்கும் இவை பொருந்தும். ஆய்வக முடிவுகளும் படக்கருவிகளும் விடை தருவதற்கு முன், எதைத் தேட வேண்டும் என்று மருத்துவருக்கு வழிகாட்டுவது நோயாளியின் சொல்லே. அடுத்த முறை மருத்துவரைக் காண வரும்போது, வலிக்கும் இடத்தையும் தொடங்கிய நேரத்தையும் அதன் தன்மையையும் உங்கள் சொற்களிலேயே ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். அடுத்த படுக்கையில் இருப்பவரிடம் 'நாப்ரா?' என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.