எந்தச் சாம்பல் நிறம்? கடை அட்டையல்ல, வீட்டு வெளிச்சமே சொல்லும்

ஒன்றுபோலத் தெரியும் இரண்டு சாம்பல் நிறங்களில், இலங்கையின் கினிகத்தேனை வீடுகளுக்கு மஞ்சளோ மண்நிறமோ கலந்ததே பொருந்தும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மேகம் மூடும் இப்பகுதியில் பகல் வெளிச்சமே சற்று நீலம் பாய்ந்தது. நீலச் சாயல் சாம்பல் அதில் இன்னும் நீலமாகத் தெரியும். சாயலைக் கண்டுபிடிக்க, மாதிரி அட்டைகளை வெள்ளைத் தாளின்மேல் அருகருகே வையுங்கள்.

கடை அட்டையே போதாதா என்றால், போதாது. கடை வெளிச்சம் வேறு, வீட்டு எல்இடி வேறு. எதிரெதிர்ச் சுவர்கள் ஒன்றிலொன்று பிரதிபலிப்பதால் சாயலும் கூடும். சிறிய டின் வாங்கி, இரண்டடி அட்டையில் இரண்டு கோட் பூசி, நன்றாகக் காய்ந்தபின் ஜன்னலோரத்திலும் இருண்ட மூலையிலும் காலை, மாலை, இரவு பாருங்கள். இது கூடுதல் செலவுதான். ஆனாலும் அறை முழுவதையும் மறுபடி பூசுவதைவிடக் குறைவு. ஈரக்கசிவு இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். பூஞ்சணத்தை எந்தச் சாம்பலும் மறைக்காது.